செல்லுலார் சிறையில் ஒரு மாலை... அபர்தீன் பஜாரில் ஒரு மீன் குழம்புச் சாப்பாடு!

அந்தமானுக்கு டூர் போகும் குடும்பங்களின் பயணத் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஹேவ்லாக் தீவு, ராதாநகர் கடற்கரை, கண்ணாடிப் படகு, ஸ்கூபா டைவிங் என்று பட்டியல் நீளும். விமானம் வந்து இறங்கிய அன்றோ, கிளம்பும் நாளுக்கு முந்தைய மாலையோ மிச்சமிருக்கும் நேரத்தில் ‘செல்லுலார் ஜெயில்’ என்று ஒரு வரி இருக்கும். பலர் வாசலில் செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

‘சின்னப் பிள்ளைகளை ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போகணுமா?’ என்ற தயக்கமும் பல பெற்றோருக்கு உண்டு. அரையாண்டு விடுமுறையில் நாங்கள் போனபோது அக்காவும் அதையேதான் கேட்டாள். அவள் மகள் ஐந்தாம் வகுப்பு. “தூக்குமேடை எல்லாம் இருக்காம். ராத்திரி தூங்க மாட்டா” என்றாள். முடிவு செய்தது அப்பாதான்.

“நம்ம ஊர்க்காரரு வந்து அடைபட்டிருக்க வேண்டிய இடம். பாக்காமப் போனா எப்படி?”

நாங்கள் தூத்துக்குடி. அப்பா சொன்ன ஊர்க்காரர் யார் என்று எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

சிறை ஏன் கட்டப்பட்டது?

போர்ட் பிளேர் என்று நாம் பள்ளியில் படித்த ஊருக்கு 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். ஆட்டோக்காரர்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். அபர்தீன் பஜாரிலிருந்து மேடேறினால் சில நிமிடங்களில் சிறை வாசல் வந்துவிடுகிறது.

1857 கிளர்ச்சியை அடக்கிய பிறகு, பிடிபட்டவர்களை எங்கே வைப்பது என்று ஆங்கிலேயர்கள் தேடியபோது கிடைத்த இடம் அந்தமான். 1858 மார்ச் மாதம் 200 கைதிகளோடு முதல் கப்பல் வந்தது. கடல் கடந்தால் சாதியும் சொந்தமும் போய்விடும் என்று அந்தக் காலத்து ஆட்கள் நம்பினார்கள். அதனால்தான் இதற்குக் ‘காலாபானி’ (கறுப்புத் தண்ணீர்) என்று பெயர் வந்தது.

ஆனால் அடுத்த 30 ஆண்டுகளில் அரசுக்கு வேறொரு கவலை வந்துவிட்டது. வந்த கைதிகள் காட்டை வெட்டி, ரோடு போட்டு, கொஞ்ச காலம் கழித்து நிலம் வாங்கி விவசாயம் செய்யத் தொடங்கியிருந்தார்கள். ஊரில் சிறையில் கிடப்பதைவிட அந்தமானே தேவலாம் என்று சிலர் நினைக்கும் நிலை. 1890-ல் இதை ஆராய வந்த லயால், லெத்பிரிட்ஜ் என்ற இரண்டு அதிகாரிகள், தண்டனையின் முதல் கட்டம் கடுமையாக இருக்க வேண்டும் என்று பரிந்துரை செய்தார்கள். அதன் விளைவுதான் இந்தக் கட்டடம். வேலை 1896-ல் தொடங்கி 1906-ல் முடிந்தது. செங்கல் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. கட்டியவர்கள் கைதிகளே!

தனியறை... தனியறை மட்டுமே!

உள்ளே நுழைந்ததும் புல்வெளி, கொடிக்கம்பம், மஞ்சள் கட்டடம் என்று ஏதோ பழைய கல்லூரி வளாகம் போலத்தான் இருக்கிறது. வராந்தாவில் ஏறிய பிறகுதான் இடம் புரிகிறது.

நடுவில் ஒரு கோபுரம். அதிலிருந்து சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் போல ஏழு பிரிவுகள் நீண்டிருந்தன. ஒவ்வொன்றும் மூன்று அடுக்கு. மொத்தம் 690-க்கும் மேற்பட்ட அறைகள். கைதிகளைக் கூட்டமாக அடைக்கும் பொது அறை ஒன்றுகூடக் கிடையாது. எல்லாமே ‘செல்’ என்கிற தனியறைகள் என்பதால்தான் ‘செல்லுலார்’ சிறை.

ஒரு பிரிவின் முன்பக்கம் அடுத்த பிரிவின் முதுகைப் பார்த்து நிற்கிறது. அறைக் கதவின் கம்பி வழியாகப் பார்த்தால் எதிரே தெரிவது பக்கத்துப் பிரிவின் பின்சுவர் மட்டும்தான். இன்னொரு மனித முகம் தெரிய வாய்ப்பே இல்லை. காற்றுக்காக வைத்த சின்ன ஜன்னலும் கிட்டத்தட்ட 10 அடி உயரத்தில்.

நாங்கள் ஆளுக்கு ஓர் அறைக்குள் போய் நின்று பார்த்தோம். அம்மா, “நம்ம வீட்டு அடுப்படி இதைவிடப் பெருசு” என்றாள். அக்கா மகளுக்குத் தாழ்ப்பாள்தான் ஆச்சரியம். தாழ்ப்பாளின் கம்பி கதவைத் தாண்டி, வெளிச்சுவரில் தள்ளியிருக்கும் ஒரு குழிக்குள் போய் முடிகிறது. பூட்டு அங்கே. கம்பி வழியாகக் கையை விட்டு முழங்கை வரை நீட்டிப் பார்த்தாள். எட்டவில்லை.

“சித்தி, இவங்க பக்கத்து ரூம்ல யார் இருக்காங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்குவாங்க?”

தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு செலவு செய்து கட்டியிருக்கிறார்கள் என்றேன். வி.டி.சாவர்க்கர் 1911 ஜூலையில் இங்கே கொண்டுவரப்பட்டபோது, அவர் அண்ணன் கணேஷும் இதே சிறையில்தான் கைதி. ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தும் அண்ணனும் தம்பியும் சந்தித்துப் பேச முடியாத நிலை. இதைச் சொல்லாத வழிகாட்டியே இங்கே இல்லை. சாவர்க்கர் இருந்த அறை மேல் மாடியில், வரிசையின் கடைசியில் இருக்கிறது. கூட்டமும் அங்கேதான் அதிகம். பேசவும் எழுதவும் தடை இருந்த காலத்தில் அவர் சுவரில் கவிதை வரிகளைக் கீறி வைத்து மனப்பாடம் செய்தார்.

அந்தச் செக்கு!

கீழே, முற்றத்தில் இருக்கும் வேலைக் கொட்டகையில் அப்பா ரொம்ப நேரம் நின்றுவிட்டார். அங்கே ஒரு செக்கும், அதை இழுக்கும் கைதியின் சிலையும் இருக்கின்றன.

மாட்டுக்குப் பதிலாக மனிதன். ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய தேங்காய் எண்ணெய் 30 பவுண்டு, அதாவது பதின்மூன்றரை கிலோவுக்கும் மேல். அளவு குறைந்தால் அடி, விலங்கு, பட்டினி. செக்கு இல்லாத கைதிக்குத் தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கும் வேலை. கசையடி கொடுக்கக் கட்டிவைக்கும் சட்டமும், சாக்குத்துணிச் சட்டையும், கால் விலங்குகளும் பக்கத்திலேயே காட்சிக்கு இருக்கின்றன.

தமிழ் பேசும் எந்தக் குடும்பமும் இந்தச் செக்கைப் பார்த்தால் ஒரு பெயரைத்தான் சொல்லும். 1908-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு திருநெல்வேலி நீதிமன்றம் விதித்தது இரட்டை ஆயுள் தண்டனை, நாடு கடத்தல். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவை, கண்ணூர் சிறைகளில் இருந்துவிட்டு 1912 டிசம்பரில் வெளியே வந்தார். கோவைச் சிறையில் அவர் இழுத்த செக்கு இப்போது சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது. முதல் தீர்ப்பே நிலைத்திருந்தால் அவர் இங்கே வந்திருக்கக் கூடும். அப்பா ‘ஊர்க்காரர்’ என்றது அவரைத்தான்.

சென்னைக்கும் இந்தச் சிறைக்கும் வேறொரு சோகமான தொடர்பும் உண்டு. அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் தண்டிக்கப்பட்ட வங்காள இளைஞர் உல்லாஸ்கர் தத், இங்கே பட்ட சித்திரவதையில் மனநிலை குலைந்தார். அவரை அனுப்பி வைத்தது சென்னை மனநலக் காப்பகத்துக்குத்தான். அதே காலத்தில், 1912-ல், இந்து பூஷண் ராய் தன் சட்டையைக் கிழித்துத் திரித்துத் தூக்குப் போட்டுக்கொண்டார்.

தூக்குமேடை அறைக்குள் மூன்று கயிறுகள் தொங்குகின்றன. அக்கா மகளை அம்மா வெளியே நிறுத்திக்கொண்டாள். அது சரியென்றே எனக்கும் பட்டது. எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டியாக வேண்டிய கட்டாயம் இல்லை.

சாப்பிடாமல் இருந்து ஜெயித்தவர்கள்

வாயை அடைப்பதற்குக் கட்டிய இந்தச் சிறையில் கைதிகள் பேசியது பட்டினியால்தான். 1933 மே மாதம், சாப்பிடும்படியான உணவு, இரவில் விளக்கு, படிக்கப் புத்தகம் போன்ற கோரிக்கைகளோடு உண்ணாவிரதம் தொடங்கினார்கள். ஆட்களைப் பிடித்து அமுக்கி, மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பால் ஊற்றியது நிர்வாகம். பால் நுரையீரலுக்குள் போய் பகத்சிங்கின் தோழர் மகாவீர் சிங் இறந்தார். மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா இருவரும் அதே போராட்டத்தில் உயிரை விட்டார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து நிர்வாகம் இறங்கி வந்தது. விளக்கு வந்தது, புத்தகங்கள் வந்தன. கைதிகள் ஒன்றாக உட்கார்ந்து வகுப்பு நடத்தினார்கள். 1937-ல் மறுபடியும் ஒரு பெரிய உண்ணாவிரதம். 1938 ஜனவரிக்குள் அரசியல் கைதிகள் எல்லோரும் தாய்நிலத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

கொடுமை அதோடு முடியவில்லை. 1942 முதல் 1945 வரை தீவு ஜப்பானியர் கையில் இருந்தது. உளவாளிகள் என்று சந்தேகப்பட்டு ஊர்க்காரர்களை இதே அறைகளில் அடைத்தார்கள். டாக்டர் திவான் சிங் என்ற பஞ்சாபிக் கவிஞர் 1944 ஜனவரியில் இங்கே சித்திரவதையில் இறந்தார்.

ஏழு பிரிவுகளில் இன்று நிற்பவை மூன்றுதான். 1941 நிலநடுக்கம், ஜப்பானியர் காலம், விடுதலைக்குப் பிறகான இடிப்பு எல்லாம் சேர்ந்து நான்கைக் கொண்டுபோய்விட்டன. வளாகத்திலேயே 1963-ல் அரசு மருத்துவமனை வந்தது. மிச்சத்தையாவது விட்டுவைக்க வேண்டும் என்று குரல் கொடுத்தவர்கள், இங்கே அடைபட்டுக் கிடந்த முன்னாள் கைதிகள். 1979 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் இதைத் தேசிய நினைவிடமாக அர்ப்பணித்தார்.

கோபுரத்தில் பெயர்கள்

நடுக்கோபுரத்தின் சுவர்களில் பளிங்குப் பலகைகள். விடுதலைப் போராட்டக் கைதிகளின் பெயர்கள் மாகாண வாரியாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வங்காளமும் பஞ்சாபும் நீண்டுகொண்டே போகின்றன. அக்கா மகள் ஒவ்வொரு பெயராக விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள்.

“செங்கல் சுமந்து கட்டினவங்க பேரு எங்கே?” என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அத்தானைப் பார்த்தேன். கொலை, கொள்ளை என்று தண்டிக்கப்பட்டு வந்த சாதாரணக் கைதிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், அவர்கள் பெயர் இந்தப் பலகைகளில் இல்லை என்று அத்தான்தான் சொன்னார். “தப்பு செஞ்சிருந்தாலும் வேலை செஞ்சாங்கல்ல?” என்று அவள் திருப்பிக் கேட்டதற்கு யாரிடமும் உடனடியாகப் பதில் இல்லை.

மொட்டை மாடியிலிருந்து கடல் தெரிகிறது. எதிரே, ராஸ் தீவு என்று அழைக்கப்பட்டு இப்போது நேதாஜி பெயரைத் தாங்கி நிற்கும் தீவு. கீழே அறையில் இருந்தவர்களுக்கு அலைச் சத்தம் கேட்டிருக்கலாம். கடல் தெரிந்திருக்காது.

இருட்டியதும் ஒளி-ஒலிக் காட்சி

டிசம்பரில் அந்தமானில் மாலை 5 மணி தாண்டியதுமே சூரியன் மறைந்துவிடும். தீவுகள் அவ்வளவு கிழக்கே இருக்கின்றன. கடிகாரம் மட்டும் நம்முடையது. அருங்காட்சியகம் மூடிய பிறகு எதிரே இருக்கும் பூங்காவில் டீ குடித்தோம். மகாவீர் சிங், இந்து பூஷண் ராய் உட்பட இங்கே உயிர்விட்ட ஆறு பேரின் சிலைகள் அங்கே நிற்கின்றன. சற்று முன் கேட்ட பெயர்களை அக்கா மகள் தானே கண்டுபிடித்துக் காட்டினாள்.

இருட்டியதும் மறுபடியும் உள்ளே. முற்றத்தில் நாற்காலி வரிசைகள். ஒளி-ஒலிக் காட்சி இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அரசமரம் கதை சொல்வது போல் பல ஆண்டுகள் இது நடத்தப்பட்டு வந்திருக்கிறது. நாங்கள் பார்த்தது இந்திக் காட்சி. அம்மாவுக்கு மொழி புரியாது. ஆனால் பகலில் நின்று பார்த்த அதே அறை வரிசையில் வெளிச்சம் ஒவ்வொன்றாக எரிந்து அணைந்தபோது, அவளுக்கு நான் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பிரியதர்ஷன் இயக்கத்தில் மோகன்லாலும் பிரபுவும் நடித்த ‘சிறைச்சாலை’ படத்தைத் தியேட்டரில் பார்த்தவள் அவள். “படத்துல இவ்வளவு அமைதி இல்லை” என்று மட்டும் சொன்னாள்.

மீன் குழம்பும் ஒரு கைதி வம்சமும்

காட்சி முடிந்து வெளியே வந்தால் யாரும் பேசவில்லை. ஆனால் பசித்தது. ‘இதைப் பாத்துட்டு எப்படிச் சாப்பிடுறது?’ என்ற முகத்தோடு அக்கா நடந்து வந்தாள்.

அபர்தீன் பஜார் மணிக்கூண்டைச் சுற்றி உங்களுக்கு எல்லா ஊர்ச் சாப்பாடும் கிடைக்கும். வங்காளி ஓட்டல், பஞ்சாபி தாபா, நம் ஊர் இட்லி, தோசை. தமிழ் பேசாத கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெற்றிமலை முருகன் கோயிலும் பங்குனி உத்திரக் காவடியும் உள்ள ஊர் இது!

நாங்கள் நுழைந்தது நாலைந்து மேசைகள் மட்டும் போட்டிருந்த ஒரு மெஸ். சோறு, தேங்காய் அரைத்த மீன் குழம்பு, வஞ்சிரம் வறுவல், பாப்பாவுக்குப் பரோட்டா. இங்கே வஞ்சிரத்தைச் ‘சுர்மாய்’ என்கிறார்கள். குழம்பில் நம் ஊரைவிடப் புளி குறைவு, தேங்காய் தாராளம். வறுவல் அப்போதுதான் கல்லிலிருந்து எடுத்தது. முதல் வாய்க்குப் பிறகு அக்காவும் இரண்டாவது துண்டு கேட்டாள்.

பரிமாறிய கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். “ஜெயில் பாத்துட்டு வர்றீகளா?” என்று ராமநாதபுரத்துப் பேச்சில் கேட்டார். ஊர் அதுவா என்று அப்பா விசாரித்தார்.

“அப்பா வழி ராம்நாடு. கட்டட வேலைக்கு வந்தாக. அம்மா வழியில நாங்க லோக்கல் பார்ன்.”

தண்டனை முடிந்தும் இங்கேயே தங்கிவிட்ட கைதிகளின் வாரிசுகளையும், அந்தக் காலத்திலேயே குடியேறியவர்களின் வாரிசுகளையும் இந்த ஊரில் ‘லோக்கல் பார்ன்’ என்கிறார்கள். நன்னடத்தையோடு பல ஆண்டுகள் கழித்த கைதிக்கு, தானே உழைத்துப் பிழைக்கவும் நிலம் வைத்துக்கொள்ளவும் கல்யாணம் செய்யவும் அனுமதி கிடைத்தது. பெண் கைதிகளும் இருந்தார்கள். மதம், மொழி, சாதி எல்லாம் கலந்து குடும்பங்கள் உருவாகின.

“எங்க அம்மாவோட தாத்தா கைதியாத்தான் வந்தாரு. பாட்டியும் கைதிதான். என்ன கேஸுன்னு எங்களுக்குத் தெரியாது. அவுக பேரு அந்தக் கோபுரத்துல இல்ல. அதனால என்ன, நாங்க இருக்கோம்ல?” என்று சொல்லிவிட்டு, குழம்பு வாளியோடு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

“செங்கல் தூக்கினவங்க!” என்றாள் அக்கா மகள்.

அப்புறம்தான் அப்பா பேசினார். இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எங்க அப்பாவும் ஜெயிலுக்குப் போனவருதான்.”

எங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கு மட்டும் தெரியும். உப்பளத்தில் கூலி கேட்டு நடந்த ஒரு வேலைநிறுத்தத்தில் தாத்தாவைப் பிடித்துக்கொண்டு போய்ப் பதினாலு நாள் உள்ளே வைத்திருந்தார்களாம். அத்தைகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரம் என்பதால், ‘ஜெயிலுக்குப் போன வீடு’ என்று பேச்சு வந்துவிடக் கூடாது என ஆச்சி யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாராம். தாத்தாவும் கடைசிவரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. “உள்ள என்ன சாப்பாடு போட்டாங்கன்னு ஒரு தடவை கேட்டேன். ‘அதெல்லாம் எதுக்குல’ன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு” என்றார் அப்பா.

“கூலி கேட்டா தப்பா தாத்தா?” என்று கேட்டாள் பாப்பா.

“இல்லம்மா.”

“அப்புறம் ஏன் மறைச்சீங்க?”

அப்பா சிரித்தார். கடைக்காரர் கேட்காமலே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். பிறகு ஒரு மணி நேரம் தாத்தா கதைதான் ஓடியது. கடையில் நாற்காலிகளைக் கவிழ்க்கத் தொடங்கிய பிறகுதான் எழுந்தோம். ராத்திரி தூங்க மாட்டாள் என்று அக்கா பயந்த பெண், ஆட்டோவிலேயே தூங்கிவிட்டாள்.

நீங்கள் போவதாக இருந்தால்...

* மதியச் சாப்பாட்டு இடைவேளைக்குச் சிறையை மூடுவார்கள். மாலையிலும் சீக்கிரமே மூடிவிடும். பிற்பகல் திறந்ததும் உள்ளே போய்விட்டால் நிதானமாகப் பார்க்கலாம். குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும்.

* ஒளி-ஒலிக் காட்சிக்குச் சீசன் நேரத்தில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். எந்த மொழிக் காட்சி எத்தனை மணிக்கு என்று விசாரித்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பகலில் சிறையைப் பார்த்துவிட்டுக் காட்சிக்குப் போவதுதான் நல்லது. இல்லையென்றால் வெறும் விளக்கு வித்தையாகப் போய்விடும்.

* படிகள் நிறைய. மூட்டுவலி உள்ள பெரியவர்கள் தரைத்தளத்து அறைகளையும் கொட்டகையையும் பார்த்தாலே போதும். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் அவசியம்.

* சிறு பிள்ளைகள் இருந்தால் தூக்குமேடை அறையைத் தவிர்த்துவிடுங்கள். தாழ்ப்பாளையும் செக்கையும் பெயர்ப் பலகைகளையும் காட்டுங்கள். எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அவையே நிறையச் சொல்லும்.

* அன்று இரவு வேறெந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ரூமுக்கு பார்சல் வாங்கி ஆளுக்கொரு மொபைலோடு உட்காராமல், எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிடுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்களிடமும் ஒன்றிரண்டு கேட்டுப் பாருங்கள்.